401 வந்த உடன பாஸ்வேர்டை மாத்தாதேங்கோ

ஏபிஐக்கு (ஒரு புரோகிராம் சேர்வரோட பேசுற வழி) லொகின் ஆகாம 401 எண்டு வந்தா எல்லாரும் முதல் பாஸ்வேர்டை ரீசெட் பண்ணத்தான் ஓடுறது, தயவுசெய்து அதைக் கடைசிக்கு வையுங்கோ. நான் பாத்த அளவில பாஸ்வேர்ட் சரியாத்தான் இருக்கும், சேர்வருக்குப் போற வழியிலதான் பழுதாகிறது.

முதல்ல சேர்வர் திருப்பி அனுப்புற நம்பரை வடிவாப் பாருங்கோ. 401 எண்டா நீங்கள் ஆர் எண்டு சேர்வருக்கு விளங்கேல்ல. 403 எண்டா பெரும்பாலும் ஆளைத் தெரியும், அனுமதிதான் இல்லை, அதுக்கு பேர்மிஷன் தாற ஆளிட்டைத்தான் கேக்கவேணும்.

பேந்து டெர்மினலில இருந்து சேர்வருக்குக் கேள்வி அனுப்புற கேர்ள் (curl) கொமாண்டை மைனஸ் வி (-v) போட்டு ஒருக்கா ஓட்டுங்கோ. > குறியோட வாற வரி நீங்கள் அனுப்பினது, < குறியோட வாறது சேர்வர் சொன்னது. டபிள்யூடபிள்யூடபிள்யூ-ஒதென்டிகேட் (WWW-Authenticate) எண்ட வரியில பேசிக் (Basic, யூசர்நேமும் பாஸ்வேர்டும்) வேணுமோ பெயரர் ரோக்கன் (Bearer token, அனுமதிச் சீட்டு மாதிரி ஒரு எழுத்துக்கோவை) வேணுமோ எண்டு அதுவே சொல்லும், கனபேர் இந்த வரியை வாசிக்கிறதே இல்லை.

போன கிழமை திருநெல்வேலியில ஒரு தம்பி இரவு பத்து மணி வரைக்கும் இதோட மாரடிச்சவர், கோட்டில ஒரு பிழையும் இல்லை. யூசர்நேம், நடுவில கோலன், பாஸ்வேர்ட் எல்லாத்தையும் எக்கோ (echo) கொமாண்டால அனுப்பி, பேசிக் முறை கேக்கிற பேஸ்64 (Base64, எழுத்துகளை வேற எழுத்துகளா மாத்தி எழுதுற முறை) ஆக்கியிருக்கிறார், எக்கோ கடைசியில ஒரு நியூலைனை (புதுவரிக் குறி) சேர்த்துவிடும், அது கண்ணுக்குத் தெரியாது, ஆனா எண்ணிப் பாத்தாப் பிடிபடும். டெஸ்ட் எக்கவுண்ட் எண்டபடியா கோலனோட மொத்தம் 9 எழுத்து, அது 12 ஆகத்தான் மாறவேணும், அவரிட்டை 16 இருந்தது. எக்கோவுக்கு மைனஸ் என் (-n) போட்டு நியூலைனை நிப்பாட்டின உடன 200, அதாவது சரி எண்ட பதில், வந்துது, தம்பிக்கு அப்பதான் முகம் தெளிஞ்சது.

இதே மாதிரித்தான் பாஸ்வேர்டில $ இருந்தா டெர்மினல் அதை வேற ஏதோ எண்டு நினைச்சு விழுங்கிவிடும், ஒற்றை மேற்கோளுக்குள்ள போடுங்கோ. யூஆர்எல்லுக்குள்ள பாஸ்வேர்ட் போறதெண்டா @ ஐ %40 எண்டு எழுதவேணும். வின்டோஸில சேவ் பண்ணின செட்டிங் ஃபைலை லினக்ஸில வாசிச்சாலும் வரிக்கடைசியில ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டு வரும்.

ரோக்கனை உங்கட மெஷினே சைன் பண்ணுதெண்டா மணிக்கூட்டையும் பாருங்கோ. டைம்சோன் யூடிசியில (UTC, உலகப் பொது நேரம்) கிடக்க, மணியை மட்டும் கையால எங்கட நேரத்துக்கு மாத்தி வைச்சா ரோக்கன் ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு நிக்கும், சேர்வர் ஏற்காது.

உதவி கேட்டு ஸ்கிரீன்ஷொட்டை குரூப்பில போட முதல் பாஸ்வேர்டோ ரோக்கனோ போற ஒதரைசேஷன் (Authorization) வரியை மறையுங்கோ, பேஸ்64 பூட்டு இல்லை, ஆரும் ஒரு செக்கனில திருப்பி வாசிப்பினம். ஏற்கனவே போட்டிட்டியள் எண்டா, அப்ப மாத்துங்கோ பாஸ்வேர்டை, உடனேயே.