ஏரியா வாங்கினால் மட்டும் போதாது: மதுரைப் பக்கம் கேபிள் டிவி நடத்த வேண்டிய பதிவும் ஒப்பந்தமும்

உசிலம்பட்டியிலோ மேலூரிலோ ஒரு கேபிள் ஏரியா கைமாறும்போது லைன், நோட் (ஃபைபர் சிக்னலைக் கேபிளுக்கு மாற்றும் பெட்டி), ஆம்ப்ளிஃபையர், வசூல் நோட்டு எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து வாங்குவார்கள். பதிவுச் சான்றிதழை மட்டும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். விற்றவர் பெயரில் இருக்கும் சான்றிதழை வைத்து வாங்கியவர் தொழில் நடத்த முடியாது. பதிவு செய்யாத யாரும் கேபிள் நெட்வொர்க் நடத்தக் கூடாது என்கிறது 1995-ஆம் ஆண்டுச் சட்டம். மீறினால் கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ கருவிகளைக் கைப்பற்றலாம். 2023-இல் வந்த திருத்தத்தால் சிறைத் தண்டனை போய் அபராதமாகிவிட்டது என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் கண்ட்ரோல் ரூமில் உள்ள கருவிகளை எடுத்துக்கொண்டு போனால், அன்றைக்கே வாடிக்கையாளர் பக்கத்து ஆபரேட்டரிடம் போய்விடுவார்.

பழைய முறையில் தலைமை அஞ்சலகத்தில் 500 ரூபாய் கட்டி ஆண்டுக்கொரு முறை பதிவு வாங்கினோம். 2025 ஜனவரியோடு அது முடிந்தது. இப்போது தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் 'பிராட்காஸ்ட் சேவா' இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 5,000 ரூபாய், செல்லுபடி 5 ஆண்டு, நாடு முழுக்கச் செல்லும். அஞ்சலகத்தில் வாங்கிய பழைய சான்றிதழ் அதன் ஓராண்டுக் காலம் முடியும்வரை மட்டும் செல்லும் என்று விட்டிருந்தார்கள். புதுப்பிக்க, காலம் முடிவதற்கு 90 நாள் முன்பே விண்ணப்பம் போக வேண்டும். தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள், யாரும் நினைவூட்டுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

விண்ணப்பம் மாட்டுவது பெரும்பாலும் பெயரில்தான். நம் ஊரில் ஆதாரில் 'கே. முருகன்' என்று இருக்கும், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து 'கருப்பையா முருகன்' என்று இருக்கும். பதிவின்போது ஆதார், பான் விவரங்கள் இணையத்திலேயே சரிபார்க்கப்படுகின்றன. எது உங்கள் பெயர் என்பதை முதலில் முடிவுசெய்து, ஆதாரையும் பானையும் ஒன்றாக்குங்கள். பிறகு வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி. எல்லாம் அதே எழுத்தில். அதன் பின்தான் 5,000 ரூபாய். அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் ஏரியா என்றால் யார் பெயரில் பதிவு என்பதை இந்தக் கட்டத்திலேயே பேசித் தீர்ப்பது நல்லது. பின்னால் பங்கு பிரிக்கும்போது சான்றிதழில் பெயர் உள்ளவர் கைதான் ஓங்கும். பதிவு மறுக்கப்பட்டால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

அடுத்தது எம்.எஸ்.ஓ. ஒப்பந்தம், அதாவது சேனல்களைத் திரட்டி ஆபரேட்டருக்குச் சிக்னல் தரும் நிறுவனத்தோடு போடுவது. அரசு கேபிளாக இருந்தாலும் தனியார் நிறுவனமாக இருந்தாலும் எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் சிக்னல் வாங்கக் கூடாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017-இல் இரண்டு மாதிரி வடிவங்கள் வகுத்திருக்கிறது. இருதரப்பும் பேசி முடிவுசெய்தால் ஒன்று, பேச்சு ஒத்துவராவிட்டால் மற்றொன்று. இரண்டாவதில் வருமானப் பங்கு எம்.எஸ்.ஓ.வுக்கு 55, ஆபரேட்டருக்கு 45. நெட்வொர்க்குக்கான மாதக் கட்டணம் (சேனல் விலை தனி) 130 ரூபாய் என்றால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து வாடிக்கையாளர் தருவது 153.40. வரியைக் கழித்தால் உங்களுக்கு 58.50, அவர்களுக்கு 71.50. கட்டணச் சேனலிலும் இதே விகிதம்தான், ஆனால் சேனல் விலையில் அல்ல, அதைக் கொண்டுசேர்ப்பதற்காக ஒளிபரப்பாளர் விட்டுத்தரும் விநியோகக் கட்டணத்தில். 19 ரூபாய் சேனலுக்கு 20 சதவீத விநியோகக் கட்டணம் 3.80, அதில் உங்கள் பங்கு 1.71. இந்தக் கணக்குத் தெரியாமல் 'பாக்ஸுக்கு இத்தனை' என்று மொத்தமாகப் பேசி முடிப்பவர்கள்தான் ஆறு மாதத்தில் பாக்கியில் நிற்கிறார்கள். 2024 ஜூலையில் வந்த திருத்தத்தால் 130 ரூபாய் என்ற உச்சவரம்பு போய்விட்டது, தொகையை எம்.எஸ்.ஓ.வே நிர்ணயிக்கலாம். அதனால் ஒப்பந்தத்தில் ரூபாயை எழுதாமல் விகிதத்தை எழுதுங்கள்.

கையெழுத்திட்ட நகலை அன்றே வாங்கிக்கொள்ளுங்கள். யார் பில் போடுவது, யார் ரசீது தருவது, பாக்ஸ் யாருடையது என்ற மூன்றும் அதில் தெளிவாக இருக்கிறதா பாருங்கள். பாக்கியைக் காரணம் காட்டி ராத்திரியோடு ராத்திரியாகச் சிக்னலை நிறுத்த முடியாது. காரணம் சொல்லி மூன்று வாரம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். தகராறு முற்றினால் டில்லியில் உள்ள தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம். பணத்தை வங்கி வழியே கட்டியிருந்தால்தான் அங்கே பேச முடியும்.

லைன் இழுப்பது தனி அனுமதி. நகருக்குள் மாநகராட்சி, நெடுஞ்சாலையைக் கடக்க நெடுஞ்சாலைத் துறை, கம்பத்தில் ஏற்ற மின்வாரியம். பதிவுச் சான்றிதழைக் காட்டி இதையெல்லாம் தவிர்க்க முடியாது. மின்கம்பம் வழியே போகும் இடத்தில் இரும்புக் கம்பி தாங்கிய கேபிளைத் தவிருங்கள், உலோகமில்லாத தாங்கு கம்பி உள்ள ஃபைபரைப் போடுங்கள். மின்கம்பி அறுந்து மேலே விழுந்தால் இரும்புக் கம்பி மின்சாரத்தைத் தெருக்கோடிவரை கொண்டுபோகும். மாசி வீதிகளில் குறுக்கே ஓடும் லைன் இருந்தால், சித்திரைத் தேரோட்டத்துக்கு முன் கழற்றி மாட்டும்படி இரு முனையிலும் கனெக்டர் வைத்துப் போடுங்கள். இல்லையென்றால் ஆண்டுதோறும் அறுத்து ஒட்ட வேண்டியதுதான்.

உள்ளூர் சேனல் ஆசை வந்தால் அதற்கும் பதிவு உண்டு. அதைச் செய்ய வேண்டியவர் எம்.எஸ்.ஓ.தான். சேனல் ஒன்றுக்கு ஒருமுறைக் கட்டணம் 1,000 ரூபாய். உள்ளூர்ச் செய்தி போட வேண்டுமானால் அந்த எம்.எஸ்.ஓ. கம்பெனியாக இருக்க வேண்டும். ஒளிபரப்பியதை 90 நாள் பதிவாக வைத்திருக்க வேண்டும், ஹார்டு டிஸ்க்கை அதற்கேற்ற அளவில் வாங்குங்கள். உரிமை இல்லாத புதுப்படம் போட்டால் பதிப்புரிமைச் சட்டத்தில் 6 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறை. இங்கே வெறும் அபராதத்தோடு முடியாது. 'ஏ' சான்றிதழ் படம் உரிமை இருந்தாலும் கூடாது. தேர்தல் நேரத்தில் அரசியல் விளம்பரத்துக்கு ஊடகச் சான்றளிப்புக் குழுவின் அனுமதி எண் இல்லாமல் ஒரு நொடியும் ஓட்டாதீர்கள். வேட்பாளரோ பதிவுபெற்ற கட்சியோ என்றால் ஒளிபரப்புக்கு 3 நாள் முன்பும், மற்றவர்கள் 7 நாள் முன்பும் மனுக் கொடுக்க வேண்டும். பேனாவும் செக்கும் கையில் வைத்துக்கொண்டு "நாளைக்கே போடுங்க" என்று வருபவரிடம் இந்த நாள்கணக்கைச் சொல்லிவிட்டுத்தான் பணம் வாங்க வேண்டும்.