அணுப்பொருள் காவல் வேலை: சுங்கை சிப்புட்டிலிருந்து போகும் வழி

மலேசியாவில் அணுமின் நிலையம் இல்லை. அதனால் அணுப்பொருளைக் காக்கும் வேலைக்கும் இங்கே இடமில்லை என்று சுங்கை சிப்புட் போன்ற பேராக் தோட்டப்புறத்தில் பலர் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் செம்பனை ஆலைக்குக் கொதிகலன் வெல்டிங்கைக் கதிர்வீச்சால் படமெடுத்துச் சோதிக்க ஒரு குழு வந்தால், அவர்கள் தூக்கி வரும் பெட்டியைக் கவனியுங்கள். எடை 20 கிலோவைத் தாண்டும். உள்ளே இரிடியம்-192 கதிர்மூலம். அதைச் சுற்றியுள்ள கவசம் பல மாடல்களில் செறிவு நீக்கிய யுரேனியம் (depleted uranium), ஏறத்தாழ 15 கிலோ. இரிடியத்துக்குக் கதிர்மூலக் கணக்கு, யுரேனியத்துக்கு அணுப்பொருள் கணக்கு. இரண்டையும் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் துறையில் மதிப்பு.

படிப்பைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.மில் இயற்பியலும் கணிதமும் இருந்தால் ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் இயந்திர அல்லது மின் பொறியியல் டிப்ளோமா எடுக்கலாம். பட்டம் வேண்டுமானால் பாங்கி யூ.கே.எம். பல்கலைக்கழகத்தில் அணு அறிவியல், ஜொகூர் யூ.டி.எம். பல்கலைக்கழகத்தில் அணுப் பொறியியல். கணக்கியல், கணினி, காவல்துறைப் பின்னணி உள்ளவர்களும் இதில் வேலை செய்கிறார்கள்.

முதல் வேலையாக ஒரு வெல்டிங் சோதனை நிறுவனத்தில் கதிரியக்கப் பணியாளராகச் சேர்வது நல்லது. உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் டோஸ் பேட்ஜ் அணியாமல் வேலையைத் தொடக்கூடாது. அந்தக் கதிர்வீச்சுக்கு ஆண்டு வரம்பு 20 மில்லிசீவர்ட். மாலையில் பெட்டி திரும்பியதும் அளவைக் கருவியால் அதன் மேற்பரப்பைச் சோதித்து, மூலம் உள்ளேதான் இருக்கிறது என்று உறுதி செய்த பிறகே பூட்டுங்கள். சாவியை ஒருவரிடமே விடாமல் இருவர் சேர்ந்து திறந்து, இருவரும் கையெழுத்திடுங்கள்.

கணக்கில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். இரிடியத்தின் அரைவாழ்வு, அதாவது வலு பாதியாகக் குறையும் காலம், ஏறக்குறைய 74 நாள். 100 கியூரி (கதிரியக்க அலகு) வலுவில் வந்த மூலம் ஐந்தரை மாதத்தில் 22 கியூரிக்கும் கீழே இறங்கி, ஆபத்துப் பட்டியலின் இரண்டாம் வகையிலிருந்து ஆபத்து குறைந்த மூன்றாம் வகைக்குப் போய்விடும். "வலு குறைந்துவிட்டதே" என்று காவலைத் தளர்த்துவார்கள். அடுத்த வாரம் புது மூலம் ஏறும். தளர்ந்த காவல் தளர்ந்தபடியே இருக்கும். இன்னொன்று, பழைய மூலத்தை உற்பத்தியாளருக்கு அனுப்பியதும் பெட்டியைக் 'காலி' என்று எழுதி மூலையில் தள்ளிவிடுவது. காலியில்லை, யுரேனியக் கவசம் அங்கேயேதான் இருக்கிறது. அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டால் தேடிப் பிடிக்க முடியாது. பெட்டியின் எண்ணைப் பழைய பட்டியலிலிருந்து நகலெடுக்காமல், உடலில் அடித்திருக்கும் தகட்டைப் பார்த்து எழுதுங்கள்.

போக்குவரத்தை இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும். 2018 ஆகஸ்டில் சிரம்பானிலிருந்து ஷா ஆலாமுக்குப் போன 23 கிலோ பெட்டி ஒன்று வழியில் காணாமல் போனது. வண்டியில் சங்கிலி போட்டுப் பூட்டுவது, சாப்பிட நிறுத்தினாலும் ஒருவர் வண்டியோடு இருப்பது, போய்ச் சேர்ந்ததும் அழைத்துச் சொல்வது, இம்மூன்றும் ஒரு நாளும் தவறக்கூடாது.

அனுபவம் சேர்ந்த பிறகு கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி, அதாவது பெகாவாய் பெர்லிண்டோங்கான் சினாரான், பயிற்சிக்குப் போங்கள். பாங்கியிலுள்ள மலேசிய அணுசக்தி நிறுவனம் அதை நடத்துகிறது. சான்றிதழுக்குத் தேர்வு தனி. 1982 முதல் இயங்கும் 1 மெகாவாட் ஆய்வு அணு உலையும் அங்கேதான் இருக்கிறது. அதன் எரிபொருளும் அணுப்பொருளே. அதைக் கணக்கிடும் முறை தோட்ட ஸ்டோர் கிராணிக்குப் பழக்கமானதுதான்: தொடக்க இருப்புடன் வரவைக் கூட்டி, வெளியே போனதையும் எண்ணிப் பார்த்த இருப்பையும் கழிக்க வேண்டும். எரிபொருள் தண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணும் இடத்தில் மிச்சம் சுழியமாகவே வர வேண்டும். தூளாகவோ திரவமாகவோ இருந்தால் அளவைப் பிழைக்குக் கொஞ்சம் இடமுண்டு. இருப்பில் நேர்ந்த மாற்றத்தை, அது நேர்ந்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் அனைத்துலக அணுசக்தி முகமைக்கு நாட்டின் வழியாகத் தெரிவிக்க வேண்டும்.

அந்த முகமையின் இணையப் பாடங்கள் இலவசம். வேலை பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்து படிக்கலாம். நேரடிப் பயிற்சிக்கு மட்டும் நீங்களே விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது. அரசின் பரிந்துரை வேண்டும். நிறுவனக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி, உரிய அரசுத் துறை வழியாக அனுப்புங்கள். ஜப்பானின் தோக்காய் கிராமத்திலுள்ள அணுப் பாதுகாப்பு மையமும் ஆசிய நாட்டினருக்குப் பயிற்சி தருகிறது. முதுகலை படிக்கும் பெண்களுக்கு அனைத்துலக அணுசக்தி முகமையின் மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா-கியூரி உதவித்தொகை இருக்கிறது; அணுப் பாதுகாப்பும் அதில் அடங்கும்.

விண்ணப்பத்துக்கு முன் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடப்பிதழ், சான்றிதழ் எல்லாவற்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தகப்பனார் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பின்னணிச் சோதனை இழுத்துக்கொண்டே போகும். திருத்த வேண்டியிருந்தால் பதிவிலாகாவில் முதலில் பிறப்புச் சான்றிதழைச் சரிசெய்யுங்கள். மற்றவை அதைப் பின்பற்றியே மாறும்.