குடும்பத்துக்கு ஒரு கிராஸ்ஓவர்: உட்புற வசதியையும் கட்டுமானத் தரத்தையும் சோதித்து வாங்குவது எப்படி?

ஷோரூமுக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, நடுவிலுள்ள திரையைத் தொட்டுப் பார்த்து, கதவை ஒருமுறை சாத்திப் பார்த்து, அந்தச் சத்தம் பிடித்திருந்தால் முன்பணம் கட்டிவிடுகிறார்கள். ஆனால் குடும்ப காரில் ஓட்டுபவர் ஒருவர்தான். மற்ற மூவரோ நால்வரோ வேறு இருக்கைகளில்தான் மணிக்கணக்கில் அமர்ந்து வருகிறார்கள். எனவே சோதனையைப் பின்னிருக்கையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதும், அதை மோசமான சாலையிலும் உச்சி வெயிலிலும் நடத்த வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. வீட்டிலுள்ள மூத்தவரையும் குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்லாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

கிராஸ்ஓவர் என்பது ஜீப் போல உயர்ந்து நின்றாலும், தனிச் சட்டத்தின் மீது உடற்கூட்டைப் பொருத்தாமல், சாதாரண கார்களைப் போல ஒரே கூடாகக் கட்டப்படுவது. இதனால் தளம் மிக உயரமாக அமைவதில்லை. இருக்கை ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி, ஏனெனில் தாழ்ந்த காரைப் போல உள்ளே விழவும் வேண்டாம், பெரிய எஸ்யூவியைப் போல ஏறவும் வேண்டாம். இந்த அனுகூலம் எல்லா மாடல்களிலும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. வீட்டுப் பெரியவரைப் பின்கதவு வழியாக ஏறி இறங்கச் சொல்லி, தலை கூரை விளிம்பில் இடிக்கிறதா, பாதம் கதவுக்கும் இருக்கைக்கும் இடையே சிக்குகிறதா, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி எட்டுகிறதா என்று கவனியுங்கள். கதவுக்குக் கீழே உள்ள வாசற்படியின் அகலத்தையும் பாருங்கள். சில கார்களில் கதவின் அடிப்பகுதி கீழிறங்கி அந்தப் படியை முழுவதும் மூடிக்கொள்ளும். மற்றவற்றில் படி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மழைக்காலத்தில் இறங்கும்போது அதிலுள்ள சேறு புடவைக் கரையிலும் வேட்டியிலும் ஒட்டும். விலைப்பட்டியலில் எங்கும் இடம்பெறாத இந்த அமைப்பு அன்றாடம் பயன்படக்கூடியது.

அடுத்து, ஓட்டுநர் இருக்கையை உங்கள் உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்துவிட்டு அதன் பின்னால் நீங்களே போய் அமருங்கள். முழங்காலுக்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. தொடையின் அடிப்பகுதிக்கு இருக்கை எவ்வளவு தூரம் தாங்கல் கொடுக்கிறது என்பதே நீண்ட பயணத்தில் முதுகு வலிக்குமா, கால் மரத்துப்போகுமா என்பதைத் தீர்மானிக்கும். முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு, தொடைக்கும் மெத்தைக்கும் இடையே கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால், அந்த இருக்கையின் மெத்தை நீளம் குறைவாகவோ தளத்தை ஒட்டித் தாழ்வாகவோ இருக்கிறது என்று பொருள். முழங்கால் இடத்தை அதிகமாகக் காட்டுவதற்காக மெத்தையைக் குட்டையாக வைக்கும் வழக்கமும் உண்டு. பாதத்தை முன்னிருக்கைக்குக் கீழே நீட்ட முடிகிறதா, நடுவில் அமர்பவரின் கால்களுக்கிடையே தளத்தில் மேடு எழும்பியிருக்கிறதா, அவருக்கும் தலைத் தாங்கியும் மூன்று முனை சீட் பெல்ட்டும் இருக்கின்றனவா என்பவற்றையும் பாருங்கள். குறைந்தது பத்து நிமிடமாவது அப்படியே அமர்ந்திருங்கள். முதல் நிமிடத்தில் மெத்தென்று சுகமாகத் தோன்றும் இருக்கை, உடல் எடை இறங்கியதும் அமுங்கி இடுப்பை உள்வாங்கிக்கொள்வதுண்டு. சற்றே கெட்டியான மெத்தைதான் நெடுஞ்சாலைக்கு ஏற்றது.

அளவு எண்களை நம்பி மட்டும் முடிவெடுக்காதீர்கள். ஹூண்டாய் கிரெட்டாவின் முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 2610 மி.மீ., ஹோண்டா எலிவேட்டில் அது 2650, ஸ்கோடா குஷாக்கில் 2651. இந்த எண்களை மட்டும் பார்த்தால் குஷாக்தான் மூன்றிலும் தாராளம் என்று தோன்றும். ஆனால் அதன் அகலம் 1760 மி.மீ., மற்ற இரண்டும் 1790. மூவர் தோளோடு தோள் அமரும்போது அகலத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் தெரியும். பின்னால் இருவர் மட்டுமே பயணிக்கும் குடும்பத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. டிக்கியும் அப்படித்தான்: மாருதி கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும்) வகையில் பேட்டரி டிக்கித் தளத்தின் கீழ் இருப்பதால், சாதாரண வகையைவிடச் சாமான் வைக்கும் இடம் குறைகிறது. உங்கள் வீட்டுப் பெரிய சூட்கேசையோ குழந்தையின் தள்ளுவண்டியையோ எடுத்துச் சென்று வைத்துப் பார்ப்பதே நேர்வழி.

சிறு குழந்தை இருக்கும் வீட்டார், குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் எளிதில் கைக்கு எட்டுகின்றனவா என்று விரலை விட்டுத் தேட வேண்டும். மெத்தையின் இடுக்கில் ஆழப் புதைந்திருந்தால், ஒவ்வொரு முறை பூட்டும்போதும் விரல் வலிக்கும். பின்ஜன்னலின் கீழ்விளிம்பு உயரமாக இருந்தால் குழந்தைக்கு வெளியே ஒன்றும் தெரியாது. வளைவான மலைச்சாலைகளில் குமட்டல் வர அதுவும் ஒரு காரணம்.

நம் ஊர் வெயிலில் ஏசியைச் சோதிப்பதற்கென்றே ஒரு நேரம் ஒதுக்குவது நல்லது. குளிரூட்டப்பட்ட ஷோரூமுக்குள் நிற்கும் காரை வைத்து எதையும் சொல்ல முடியாது. நண்பகலில், வெளியே வெயிலில் நிறுத்தியிருக்கும் டெமோ காரைக் கேட்டு வாங்கி, முதலில் ஜன்னல்களை இறக்கிச் சூடான காற்றை வெளியேற்றிவிட்டு, பிறகு ஏசியை முழு வேகத்தில் வைத்துப் பின்னிருக்கையில் அமருங்கள். பின்னிருக்கைக்கான வென்ட்டில் வரும் காற்று, பெரும்பாலும் முன்பக்கத்திலிருந்து நடுக் கன்சோல் வழியாக ஒரு குழாயில் வருவதுதான். அதனால் காற்றின் வேகமும் குளிர்ச்சியும் மாடலுக்கு மாடல் வெகுவாக மாறும். காற்று முகத்துக்கு வருகிறதா, முழங்காலில் மட்டும் படுகிறதா என்று பாருங்கள். பனோரமிக் சன்ரூஃப் (கூரையின் பெரும்பகுதியை நிறைக்கும் கண்ணாடி) உள்ள காராக இருந்தால், அதன் திரை வெளிச்சத்தை முற்றாக மறைக்கும் கனமானதா, வெறும் மெல்லிய துணியா என்பதைத் தொட்டுப் பாருங்கள். மெல்லிய துணி என்றால் உச்சிவேளையில் தலைக்கு மேல் வெப்பம் இறங்குவதை உணர்வீர்கள். சன்ரூஃபின் சட்டம் தலைக்கு மேலுள்ள உயரத்தையும் சிறிது குறைக்கும். கூலிங் ஃபிலிம் ஒட்டிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத ஒளியையும் பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 சதவீத ஒளியையும் உள்ளே விட வேண்டும்; ஆகையால் நிறுவனமே தரும் கண்ணாடியின் வெப்பத் தடுப்பைப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.

இருக்கை உறை விஷயத்தில் என் சாய்வு துணியின் பக்கம். லெதரெட் எனும் செயற்கைத் தோல் பார்வைக்கு அழகு, துடைக்க எளிது. ஆனால் வெயிலில் நின்ற காரில் தொடை சுடும், வியர்வை தங்கும். லெதரெட்தான் வேண்டும் என்றால், முன்னிருக்கைகளிலாவது காற்றோட்ட வசதி உள்ள வகையைத் தேர்ந்தெடுங்கள். இருக்கையில் காற்று வரும் நுண்துளைகளை மூடும்படி வெளியில் வாங்கிய சீட் கவரைப் போட்டால் அந்த வசதிக்குக் கொடுத்த பணம் வீண். இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: பக்கவாட்டு ஏர்பேக்குகள் பொதுவாக முன்னிருக்கையின் ஓரத்துக்குள்தான் இருக்கின்றன. அந்த இடத்தில் தையல் பிரிந்து வழிவிடும்படி வடிவமைக்கப்படாத கவரை மாட்டினால், விபத்தின்போது ஏர்பேக் விரிவதற்கு அதுவே தடையாகலாம்.

கட்டுமானத் தரம் என்றதும் பலரும் கதவு சாத்தும் சத்தத்தைப் பேசுகிறார்கள். அந்தக் கனத்த ஓசை, கதவுத் தகட்டின் உட்புறம் ஒட்டப்படும் அதிர்வு தடுக்கும் பட்டைகளாலும் கதவு விளிம்பைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்காலும் பூட்டின் வடிவமைப்பாலும் கிடைப்பது. மோதலில் உயிர் காக்கும் வலிமை, கூரையைத் தாங்கும் தூண்களிலும் வாசற்படிச் சட்டத்திலும் உள்ள உயர்வலு எஃகில் இருக்கிறது. முந்தையதைக் கேட்டுப் பிந்தையதை அறிய முடியாது. பாதுகாப்புக்கு 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள பாரத் என்கேப் என்ற மோதல் சோதனை மதிப்பீட்டைப் பாருங்கள். அதில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனி நட்சத்திரங்கள் தரப்படுகின்றன. உட்புறப் பொருத்தத்தின் தரத்தை அறியக் கண்ணும் கையும்தான் கருவி.

டேஷ்போர்டின் மேற்பரப்பு மெத்தென்று இருக்கிறதா என்பதில் அதிகம் மயங்க வேண்டாம். கடினமான பிளாஸ்டிக்கும் ஒழுங்காகப் பொருத்தப்பட்டிருந்தால் பல ஆண்டுகள் சத்தமின்றி இருக்கும். டேஷ்போர்டு கதவைச் சந்திக்கும் கோட்டை இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒப்பிட்டு, இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள். நடுக் கன்சோலை முழங்காலால் லேசாகத் தள்ளுங்கள், ஏசி வென்ட்டின் சட்டத்தை விரலால் அழுத்துங்கள், கதவின் கைப்பிடியைச் சாத்துவது போல இழுத்துப் பிடியுங்கள். எங்கேனும் கிறீச்சிட்டால் அங்கே கிளிப் சரியாக அமரவில்லை. பிறகு கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்குக் கையைக் கொண்டு செல்லுங்கள்: கதவுப் பையின் அடிவிளிம்பு, முன்னிருக்கைத் தண்டவாளத்தின் மூடி, கிளவ் பாக்ஸின் உட்புறம். வார்ப்பில் மிஞ்சிய கூரான பிசிறு விரலில் தட்டினால், பார்வைக்குப் படாத இடத்தில் தயாரிப்பாளர் காட்டிய கவனம் எவ்வளவு என்பது விளங்கிவிடும். இருக்கைக்குக் கீழே செல்லும் ஒயர்கள் கிளிப்பில் பிடித்துவைக்கப்பட்டுள்ளனவா, தொங்குகின்றனவா என்றும் குனிந்து பாருங்கள். பளபளக்கும் கறுப்புப் பரப்புகள் ஷோரூமில் கண்ணைப் பறிக்கும், ஆனால் தூசு துடைக்கத் துடைக்கக் கீறல் விழுவதால், அவை குறைவாக உள்ள உட்புறமே நாள்படத் தாங்கும்.

பீடிங்கைச் சோதிக்க ஒரு தாள் போதும். தாளின் பாதியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி மெல்ல இழுங்கள்; தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் ரப்பர் அழுந்தவில்லை. நான்கு கதவுகளிலும் டிக்கியிலும் பல இடங்களில் இதைச் செய்யலாம். நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டும்போது கேட்கும் காற்றுச் சத்தமும், மழையில் உள்ளே கசியும் நீரும், கிராமத்து மண்சாலையில் புகும் புழுதியும் பெரும்பாலும் இந்த விளிம்புகள் வழியாகவே வருகின்றன.

ஓட்டிப் பார்க்கும்போது பாட்டை நிறுத்திவிட்டு, ஏசி விசிறியையும் குறைத்துவிடுங்கள். விற்பனையாளர் காட்டும் வழவழப்பான சாலையோடு நிற்காமல், மேடு பள்ளமான சர்வீஸ் ரோட்டுக்குத் திருப்புங்கள். வேகத்தடையின் மீது நேராக ஏறாமல் சற்றுக் கோணலாக, ஒவ்வொரு சக்கரமாக ஏறி இறங்குங்கள். உடற்கூடு முறுக்கப்படும் அந்த நொடியில்தான் டேஷ்போர்டும் டிக்கி மூடியும் முனகும். புறப்படுமுன் டயர் காற்றழுத்தம், ஓட்டுநர் கதவருகே ஒட்டியுள்ள அட்டவணைப்படி இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம், ஏனெனில் காற்று அதிகமாக இருந்தால் நல்ல சஸ்பென்ஷனும் கட்டையாகத் தெரியும். பாதி தூரம் நீங்கள் ஓட்டுங்கள், மீதி தூரம் பின்னிருக்கையில் வாருங்கள். பின்சக்கரத்துக்கு அருகில் அமர்பவருக்குக் குலுக்கலும் டயர் சத்தமும் அதிகம் என்பதால், முன்னால் கிடைத்த அனுபவத்தைக் கொண்டு பின்னால் இருப்பவர்களுக்காகத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பிடித்துப்போய் முன்பணம் கட்டிய பிறகும் ஒரு கட்டம் இருக்கிறது. உங்களுக்கென ஒதுக்கப்பட்ட காரை ஆர்.டி.ஓ. பதிவுக்கு முன்பே, பகல் வெளிச்சத்தில் நேரில் பார்க்கக் கேளுங்கள். பதிவு முடிந்துவிட்டால் மாற்றித் தருவது ஏறக்குறைய நடக்காத காரியம். தரைக் கம்பளத்தைக் கையால் அழுத்தி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள், டிக்கித் தளத்தைத் தூக்கி ஸ்டெப்னி வைக்கும் குழியில் நீரோ துருவோ தெரிகிறதா என்று பாருங்கள். சன்ரூஃப் இருந்தால் அதைத் திறந்து, அதன் பள்ளத்தின் மூலைகளில் அரை டம்ளர் நீரை மெதுவாக ஊற்றச் சொல்லி, அது வண்டிக்கு அடியில் வடிகிறதா என்று கவனியுங்கள். நீர் வடியும் குழாய் அடைத்திருந்தால் நீர் கூரைத் துணி வழியாக உள்ளே இறங்கும். தூசும் சருகும் சேரும் இடம் என்பதால், ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் இதே சோதனையைச் செய்வது நல்லது.

புதிய காரில் சத்தம் வரத் தொடங்கினால், முதலில் உங்கள் பொருள்களை வெளியேற்றுங்கள்: கிளவ் பாக்ஸில் உள்ள கண்ணாடிக் கூடு, கதவுப் பையிலுள்ள தண்ணீர் பாட்டில், சரியாக மாட்டாத ஜாக்கி, தூணில் தட்டிக்கொண்டிருக்கும் சீட் பெல்ட் கொக்கி. இவை போன பிறகும் சத்தம் வந்தால், ஒருவர் ஓட்ட இன்னொருவர் ஒவ்வொரு பகுதியாக உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வர வேண்டும். எதை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அதுவே காரணம். இரண்டு பிளாஸ்டிக் உரசும் இடத்தில் துணி டேப் ஒட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும், ரப்பர் பீடிங் கிறீச்சிட்டால் சிலிக்கான் கிரீஸ் தடவினால் அடங்கும். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு செல்லும்போது, "சத்தம் வருகிறது" என்று மட்டும் சொல்லாமல், எந்த வேகத்தில், எப்படிப்பட்ட சாலையில், காலையில் குளிரிலா மதிய வெயிலிலா என்பதையும் ஜாப் கார்டில் (புகாரைக் குறித்துக்கொள்ளும் படிவத்தில்) எழுதச் சொல்லுங்கள், அவர்களுடைய மெக்கானிக்கை உங்கள் பக்கத்தில் அமர்த்தி அதே சாலையில் ஓட்டிக் காட்டுங்கள், சரியாகவில்லை என்றால் வாரண்டி முடியுமுன் அதே புகாரை மறுபடியும் எழுத்தில் பதிவு செய்து, ஒவ்வொரு ஜாப் கார்டின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.