சந்தேகத்தோடு முழங்காலில் நிற்பது எப்படி

2017-இல் என் தம்பி கணையப் புற்றுநோயில் போனான். நோய் தெரிந்ததிலிருந்து அடக்கம்வரை 11 வாரம். அந்த 11 வாரமும் காலை நாலு மணிக்கு எழும்பி ஜெபித்தேன், வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தேன். "அப்பாவுக்குச் சுகமாயிரும்" என்று அவன் பிள்ளைகளிடம் அடித்துச் சொல்லியும் இருந்தேன். அடக்கம் முடிந்த மூன்றாவது ஞாயிறு ஆலயத்தில் வேதபாடம் வாசிக்க எழும்பினேன். குரல் வந்தது, உள்ளே ஒன்றுமே இல்லை. இரண்டு வருஷம் அப்படியே வாசித்தேன்.

பாளையங்கோட்டைப் பக்கம் 31 வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். எனக்கு உதவிய வழியை, இப்போது அதே இடத்தில் நிற்கிற ஒருவருக்குச் சொல்வதாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் சந்தேகத்தை ஒரே வரியில் எழுதுங்கள். கொடுக்கப்பட்டது என்ன, கண்டுபிடிக்க வேண்டியது என்ன என்று எழுதாமல் எந்தப் பிள்ளையையும் நான் கணக்குப் போட விட்டதில்லை. என் சொந்த விஷயத்தில் அதைச் செய்ய இரண்டு வருஷம் ஆயிற்று. நோட்டில் முதலில் 'கடவுள் இருக்கிறாரா?' என்று எழுதினேன். அது என் கேள்வியே இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது, அடித்துவிட்டேன். 'ஜெபத்துக்குப் பலன் உண்டா?' அதையும் அடித்தேன். மூன்றாவதாக வந்தது: 'நான் கேட்டும் ஏன் தரவில்லை?' அந்த 'நான்' என்ற சொல்லில் பேனா நின்றுவிட்டது. தம்பி போன துக்கம் ஒரு பக்கம். பிள்ளைகளிடம் அடித்துச் சொன்னது பொய்யாகிப்போன அவமானம் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒன்றாகக் கட்டி, விசுவாசத்தில் சந்தேகம் என்று பெயர் வைத்திருந்தேன். துக்கத்தை ஒரு பக்கத்திலும் அவமானத்தை அடுத்த பக்கத்திலும் எழுதுங்கள். மீதி நிற்கும் கேள்வி சின்னதாகிவிடாது, ஆனால் அதன் முகம் தெரியும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தாழ்மை என்றால் கேள்வி கேட்காமல் வாயை மூடிக்கொள்வது என்று சிலர் பிரசங்கிக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமே இல்லை. யோவான்ஸ்நானன் சிறையிலிருந்து இயேசுவிடம் ஆள் அனுப்பி, வருகிறவர் நீர்தானா, வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று கேட்டான். யோர்தானில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவன் கேட்கிற கேள்வி! இயேசு கடிந்துகொள்ளவில்லை. குருடர் பார்வையடைகிறார்கள், செவிடர் கேட்கிறார்கள், இதைப் போய்ச் சொல்லுங்கள் என்றார். ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் அவனைவிடப் பெரியவன் இல்லை என்று ஜனங்களிடம் சொன்னதும் அதே மத்தேயு 11-இல்தான், அந்தக் கேள்விக்குப் பிறகுதான். யோவான் தனக்குள்ளேயே ஒரு தீர்ப்பு எழுதிக்கொள்ளவில்லை, அவரிடமே கேட்டு அனுப்பினான். நான் தாழ்மை என்று சொல்வது அதைத்தான்.

அடுத்து, ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். மேடையில் சாட்சியாக வேண்டாம். கேட்டவுடனே வசனம் எடுத்து நீட்டுகிறவரும் வேண்டாம். நான் என் மனைவியிடம் சொன்னேன். அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "எனக்குத் தெரியுமே. குடும்ப ஜெபத்துல நீங்க இப்பல்லாம் நோயாளிங்களுக்காக ஜெபிக்கிறதே இல்லையே" என்றாள். இரண்டு வருஷமும் கவனித்திருக்கிறாள், கேட்டு என்னைக் கூசவைக்கவில்லை. அன்று ராத்திரி அவள்தான் ஜெபித்தாள், நான் ஆமென் மட்டும் சொன்னேன். வீட்டில் எப்போதும் ஜெபிக்கிறவன் அன்றைக்கு மற்றவர் ஜெபத்துக்கு ஆமென் சொல்லிப் பழக ஆரம்பித்தேன்.

சொந்த ஜெபம் வராத காலத்தில் கடன் வாங்குங்கள். மாற்கு 9-இல் சுகமில்லாத ஒரு பிள்ளையின் தகப்பன் கண்ணீரோடே சொன்ன ஒரு வரி: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." மூன்று மாதம் என் ஜெபம் அவ்வளவுதான். அந்தத் தகப்பனின் விசுவாசம் முழுசாகட்டும் என்று இயேசு காத்திருக்கவில்லை, பிள்ளையைச் சுகமாக்கினார். சங்கீதம் 131-ஐயும் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றே வசனம். தனக்கு மிஞ்சின காரியங்களில் தலையிடாமல், பால்மறந்த குழந்தையைப்போல ஆத்துமாவை அமரப்பண்ணினதாகச் சொல்கிற சங்கீதம். பால்மறந்த குழந்தை என்ற சொல்லை நிதானமாக வாசியுங்கள். கேட்டது கிடைக்காமல் அழுது ஓய்ந்த குழந்தை அது. ஆனாலும் தாயின் மடியில்தான் இருக்கிறது. மனம் ரொம்பக் கசந்துபோன நாளில் 88-ஆம் சங்கீதம். அது ஆறுதல் எதுவும் சொல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபமாக வேதத்தில் வைத்திருக்கிறார்களே என்பதுதான் எனக்கு ஆறுதல்.

சபையைவிட்டுப் போகாதீர்கள், ஆனால் மேடையைவிட்டு இறங்குங்கள். உயிர்த்தெழுந்த இயேசுவின் காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற தோமா, எட்டு நாள் கழித்தும் மற்ற சீஷர்களோடு அதே வீட்டுக்குள் இருந்தான். இருந்ததால்தான் கண்டான். அந்தத் தோமாதான் பரங்கிமலைவரை வந்து இரத்தசாட்சியாக மரித்தார் என்பது நம் ஊர் மரபு. நான் எங்கள் சபைப் போதகரான ஐயரவர்களைப் பார்த்து, இனி ஒரு வருஷம் வேதபாடம் வாசிக்க மாட்டேன் என்று சொன்னேன். காரணம் கேட்டார், சொன்னேன், ஒத்துக்கொண்டார். அந்த வருஷப் பண்டிகை அசனத்துக்கு, அதாவது சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடுகிற விருந்துக்கு, வெங்காயம் உரிக்கிற கூட்டத்தில் போய் உட்கார்ந்தேன். வாசிக்கிற இடத்தில் நின்றபோது என்னிடம் யாரும் தங்கள் கஷ்டத்தைச் சொன்னதில்லை. வெங்காயச் சாக்கைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆறு பேரில் மூன்று பேர் என்னைப்போலவே கேட்டுக் கிடைக்காதவர்கள்.

நற்கருணைக்கு, அதாவது ஆலயத்தில் அப்பமும் திராட்சரசமும் வாங்கப் போவதையும் நிறுத்த வேண்டாம். மேசையிலிருந்து விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் பாத்திரர் அல்ல என்று அதற்கு முன்னால் ஜெபிக்கிறோமே, சந்தேகத்தோடு வருகிறவன் அதைச் சொல்லும்போது அது அப்படியே உண்மையாக இருக்கும். முழங்காலில் நின்று வெறுங்கையை நீட்டினால் போதும்.

தெரிந்துகொள்ளக்கூடிய கேள்விகளுக்கு, உதாரணமாகச் சுவிசேஷங்கள் எப்போது எழுதப்பட்டன, ஏன் ஒன்றுக்கொன்று வித்தியாசப்படுகின்றன என்பதற்கெல்லாம், படித்த ஆட்களிடம் போய்க் கேட்டுப் படியுங்கள். மற்றதற்குத் 'தெரியாது' என்று சொல்லுங்கள். ஓய்வுநாள் பாடசாலையில் ஒரு சிறுமி, "சார், நல்லவங்க ஏன் சீக்கிரம் சாகுறாங்க?" என்று கேட்டாள். தெரியாதும்மா என்றேன். அவள் முகத்தில் ஏமாற்றம் இல்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

தூக்கமும் சாப்பாடும் போய், செத்தால் தேவலை என்று தோன்றினால், இந்த வழியோடு நிற்காமல் அன்றே வீட்டாரிடம் சொல்லி டாக்டரைப் பாருங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

என் நோட்டில் மூன்றாவது கேள்விக்குக் கீழே இன்னும் விடை எழுதவில்லை. போன மாதம் தம்பி மகன் போன் பண்ணினான். அவன் மனைவிக்கு ஆபரேஷன். "பெரியப்பா, ஜெபம் பண்ணுங்க" என்றான். அப்பாவுக்காக நான் ஜெபித்ததை அருகிலிருந்து கேட்டவன். இந்தத் தடவை எந்த வாக்கும் கொடுக்கவில்லை. போனைக் கையில் பிடித்தபடியே அவள் பேரைச் சொல்லி ஜெபித்தேன். அந்தப் பக்கம் அவன் ஆமென் சொன்னான்.