ஒரே நேரம், பல உடுப்பு: போஸ்ட்கிரஸில் வியூ பழகுவோம்

கிளிநொச்சியில் ஒரு பால் சேகரிப்பு நிலையத்துக்குப் போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் பதிவேடு செய்கிறோம் என்று வையுங்கோ. பால் அளந்த நேரம் நிலையத்தில் 06:15 என்று தெரிய வேணும். ரொறன்ரோவில் இருந்து கணக்குப் பார்க்கும் மகனுக்கு அவருடைய ஊர் நேரத்தில் தெரிய வேணும். அதற்காக இரண்டு நேர நிரல் போடாதேங்கோ. ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்தால் பிறகு எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் பால்_வரவு என்று ஓர் அட்டவணை; லீற்றர், நேரம் என்று இரண்டு நிரல். தமிழ்ப் பெயரைப் போஸ்ட்கிரஸ் ஏற்கும். நேர நிரலுக்கு டைம்ஸ்டாம்ப்டிஇஸட் வகையைக் கொடுங்கோ. அது எல்லாவற்றையும் யூடிசி என்ற உலகப் பொது நேரமாக்கியே வைத்திருக்கும். நாங்கள் ஐந்தரை மணித்தியாலம் முன்னால் நிற்பதால் காலை 06:15 உள்ளே 00:45 ஆகக் கிடக்கும்.

அடுத்தது வியூ, அதாவது பெயர் வைத்துச் சேமித்த ஒரு கேள்வி. கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன், நீங்கள் அட்டவணை, வியூ, நிரல் பெயர்களைத் தமிழிலேயே விட்டு, மற்றதை ஆங்கில எழுத்தில் தட்டுங்கோ:

கிரியேட் வியூ பால்_நிலையம் அஸ்
செலெக்ட் லீற்றர், நேரம்,
டு_சார்(நேரம் அட் டைம் ஸோன் 'ஏசியா/கொலம்போ', 'ஹெச்ஹெச்24:எம்ஐ') அஸ் மணி
ஃப்ரம் பால்_வரவு;

வியூவுக்குள் தரவு எதுவும் இல்லை. கேட்கிற ஒவ்வொரு முறையும் அட்டவணையில் இருந்து எடுத்துத் தரும். நிமிடத்துக்கு எம்ஐ. பழக்கதோஷத்தில் எம்எம் போட்டால் மாதம் வந்துவிடும்: ஜனவரியில் எல்லாரும் 06:01க்குப் பால் ஊற்றியதாகக் காட்டும். டு_சார் தருவது வெறும் எழுத்து. ஆகவே வரிசைப்படுத்த மூல நேர நிரலையே பாவியுங்கோ. அதற்காகத்தான் அதையும் வியூவில் விட்டிருக்கிறேன்.

ரொறன்ரோவுக்கு இன்னொரு வியூ, 'ஏசியா/கொலம்போ'வுக்குப் பதிலாக 'அமெரிக்கா/டொரொண்டோ' என்று போட்டு. அங்கே அதே பால் ஜனவரியில் முதல்நாள் இரவு 19:45, யூலையில் 20:45. கோடைகால மாற்றத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். நாளே மாறுவதால் திகதியையும் சேர்த்துக் காட்டுங்கோ.

இனி வன்னிக்கே உரிய சிக்கல். 1996 மே மாதம் இலங்கை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது, ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தது, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. அப்போது ஓமந்தை தாண்டி வடக்கே வந்தால் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்கு வைக்க வேண்டியிருந்தது. 'ஏசியா/கொலம்போ'வுக்குக் கொழும்பின் கதை மட்டுமே தெரியும். 2003இல் புதுக்குடியிருப்பில் கொப்பியில் 06:15 என்று எழுதிய பாலை அது 06:45 என்று காட்டும்.

அந்தக் காலப் பதிவுகளை ஏற்றும்போதே நேரத்தின் பின்னால் +05:30 சேர்த்து விடுங்கோ. அவற்றுக்கான வியூவில் ஊர்ப் பெயருக்குப் பதிலாக இன்டர்வல் '05:30' என்று எழுதுங்கோ. இன்டர்வல் என்ற சொல்லை விட்டுவிட்டு '+05:30' மட்டும் போட்டால் போஸ்ட்கிரஸ் குறியைத் தலைகீழாக எடுத்து, பதினொரு மணித்தியாலம் முந்திய நேரத்தைக் காட்டும். முடிந்ததும் கொப்பியைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கோ. இரண்டிலும் 06:15 இருக்க வேணும்.