'பயப்படாதே', 'பயந்திரு': வேதத்தில் எது சரி?

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் கதிர் முற்றும் நேரத்தில் காட்டிலிருந்து யானை இறங்கும். போன வருஷம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில், "ராத்திரி காவலுக்குப் போன வீட்டுக்காரர் திரும்பி வர்ற வரைக்கும் நெஞ்சு அடிச்சுக்குதுங்க" என்றார் ஒரு அக்கா. பக்கத்தில் இருந்தவர் உடனே, "பயம் வந்தாலே விசுவாசம் இல்லைன்னு அர்த்தம் சிஸ்டர்" என்றார். அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்துகொண்டார்.

பயமும் விசுவாசமும் ஒரே நெஞ்சில் இருக்காது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறது சங்கீதம் 56:3. அடுத்த வசனமே "நான் பயப்படேன்" என்கிறது. இரண்டையும் சொன்னது ஒரே ஆள். மாற்கு 9:24-இல் ஒரு தகப்பன் "விசுவாசிக்கிறேன்" என்றும், தன் அவிசுவாசம் நீங்க உதவும்படியும் ஒரே மூச்சில் கதறுகிறான். இயேசு அவனைத் துரத்தவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார்.

அப்புறம், 'பயம்' என்று வரும் இடத்திலெல்லாம் ஒரே பொருள் கொள்வது. "கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்" என்கிறது நீதிமொழிகள். "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்கிறது 1 யோவான் 4:18. அதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள், யோவான் நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். தண்டனைக்கு நடுங்கும் பயம் அது. லேவியராகமம் 19:3 தாய்க்கும் தகப்பனுக்கும் பயந்திருக்கச் சொல்கிறது. அம்மாவைக் கண்டால் ஓடி ஒளியவா சொல்கிறது?

அதற்காக எல்லாமே 'மரியாதை'தான் என்று மழுப்புவதும் சரியில்லை. மத்தேயு 10:28-இல் நரகத்தில் அழிக்க வல்லவருக்கே பயப்படுங்கள் என்கிறார் இயேசு. மூன்று வசனம் தள்ளி, அடைக்கலான் குருவிகளைவிட நீங்கள் விசேஷித்தவர்கள், பயப்படாதிருங்கள் என்கிறார். சொல்வது அவரேதான். யாத்திராகமம் 20:20-இல் மோசே இரண்டையும் ஒரே வசனத்திலேயே சொல்லிவிடுகிறார்: பயப்படாதிருங்கள், ஆனால் பாவம் செய்யாதபடிக்குத் தேவபயம் உங்கள் முன் இருக்கட்டும். காலண்டர் தாளைக் கிழிப்பதுபோல வசனத்தைத் துண்டாக எடுத்தால் இதெல்லாம் கண்ணில் படாது. வேதத்தில் 'பயப்படாதே' 365 தடவை வருகிறது, நாளுக்கு ஒன்று என்பார்களே, எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கும் நிற்காது.

சரி, அந்த அக்கா. கூட்டம் முடிந்ததும் 56-ஆம் சங்கீதத்தின் தலைப்பைக் காட்டினேன்: காத் ஊரில் பெலிஸ்தர் தாவீதைப் பிடித்தபோது பாடியது. பிறகு 1 சாமுவேல் 21. அதே காத் ஊர் ராஜாவுக்கு மிகவும் பயந்து, தாடியில் எச்சில் வழிய, வாசற்கதவைக் கீறிக்கொண்டு பைத்தியக்காரன்போல நடிக்கிறார், கோலியாத்தை வீழ்த்திய அந்தத் தாவீது.

"தாவீதேவா?" என்று அக்கா சிரித்துவிட்டார்.