திருச்சியில் இறங்கினால் ஒரு நாள் செட்டிநாட்டுக்கு

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருப்பதால், நம்மில் பலர் இறங்கிய கையோடு சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறோம். இந்த முறை ஒரு நாளை ஒதுக்கிவிடுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று அரசு அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை.

வாடகைக் காரில் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் புதுக்கோட்டை அருங்காட்சியகம் திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். சமஸ்தானக் காலத்தில், 1910இல் தொடங்கியது. ஒரு மணி நேரம் போதும்.

மீதி நேரத்தைச் செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீளும் வீடுகள். பர்மா, இலங்கை, மலாயா, சிங்கப்பூர் என்று கடல் கடந்து வட்டித்தொழில் செய்த நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கட்டியவை. தைப்பூசத்துக்கு நாம் பால்குடம் சுமந்து சென்று சேரும் சிங்கப்பூர் டேங்க் ரோடு முருகன் கோவிலை 1859இல் எழுப்பியவர்களும் அவர்கள்தாம். அவர்களுக்கு அங்கே மார்க்கெட் ஸ்திரீட்டில் தொழிலிடமும் தங்குமிடமுமான கிட்டங்கியில் இருந்ததோ ஆளுக்கு ஒரு பெட்டகம், அதன் முன்னே தரையில் உட்கார்ந்து கணக்கெழுத ஓர் இடம், இரவில் பாய் விரிக்கவும் அதே தரை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த வீடுகளின் வளவில், அதாவது உள்முற்றத்தில், நின்று தேக்குத் தூண்களை அண்ணாந்து பாருங்கள்.

பல வீடுகள் பூட்டியே இருக்கும். பங்காளிகள் பலருக்கும் பொதுவானவை என்பதால் திருமணம், முன்னோருக்குச் செய்யும் படைப்பு என்றால்தான் திறப்பார்கள். காவலாளியிடம் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். ஆத்தங்குடியில் ஒரு பெரிய வீட்டைக் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம்.

ஆத்தங்குடி வரை போய்விட்டுத் தரைக்கல் பட்டறையைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். நான் அரை மணி நேரம் அசையாமல் நின்றேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அதன் கட்டங்களில் சாயம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கினால் சிவப்பு மஞ்சளோடு கலக்காமல் அப்படியே நிற்கிறது! அதன்மேல் சிமெண்டும் மணலும் இட்டு, இறுகியதும் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். சூளையே கிடையாது. பளபளப்பைக் கொடுப்பது அந்தக் கண்ணாடிதான்.

காரைக்குடியில் பழம்பொருள் வாங்குவோர் கவனிக்க வேண்டும்: நூறாண்டு கடந்த கலைப்பொருட்களை இந்தியாவை விட்டு எடுத்துச் செல்லச் சட்டம் அனுமதிக்காது. ரசீது இல்லாமல் எதையும் வாங்காதீர்கள்.

திருமயம் கோட்டையைத் திரும்பும் வழியில், வெயில் தாழ்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணிக்காவது அங்கே இருந்தால்தான் நிதானமாக ஏறி இறங்கலாம். வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) உள்ளவர்கள் அதை மறக்காமல் கையில் எடுத்துச் செல்லுங்கள்.